மைசூர் வங்கி: வாக்குறுதிக்குப் பின்னால் நிற்பவர் யார்?

பெங்களூரு

அன்புள்ள இளம் வாசகருக்கு,

கெம்பேகவுடா சாலையும் அவென்யூ சாலையும் கூடும் நாற்சந்தி பெங்களூரு மக்களின் பேச்சில் இன்றும் ‘மைசூர் பேங்க் சர்க்கிள்’தான், ஆனால் அப்பெயரைத் தந்த வங்கி 2017 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி இல்லை. நூறாண்டுக்கு மேல் இயங்கிய அந்த வட்டார வங்கியின் வரலாறு, வணிகவியல் பயிலத் தொடங்கும் ஒருவருக்கு வங்கித் தொழிலின் அடிப்படைக் கேள்வி ஒன்றைத் தெளிவாக்கும் என்பதால் இக்கடிதம் அதை எடுத்துக்கொள்கிறது. ஒரு வங்கி தன் வைப்பாளருக்குத் தரும் வாக்குறுதிக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பதே அக்கேள்வி.

வங்கியின் தொழில் ஒரு முரண்பாட்டின் மேல் அமைந்தது. பொதுமக்கள் ஒப்படைக்கும் தொகையை, அதாவது வைப்புத்தொகையை, அவர்கள் கேட்கும்போது திருப்பித் தருவதாக வங்கி ஏற்கிறது. அதே தொகையின் பெரும்பகுதியை, கேட்டவுடன் திரும்பி வராத கடனாக வணிகருக்கும் உழவருக்கும் வழங்குகிறது. கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் வைப்புக்குக் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளியே அதன் முதன்மை வருவாய். வைப்பாளர்கள் அனைவரும் ஒரே நாளில் பணம் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை நிலைக்கும்வரை இந்த ஏற்பாடு இயங்கும். அது உடைந்தால் நல்ல கடன்களை வழங்கிய வங்கியும் சில நாள்களில் கதவடைக்க நேரும்.

மைசூர் வங்கி பிறந்த காலம் அந்த நம்பிக்கை உடைந்திருந்த காலம். சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் 1906இல் வீழ்ந்து பல குடும்பங்களின் சேமிப்பை அழித்தது. 1913 செப்டம்பரில் லாகூரின் பீப்பிள்ஸ் வங்கி மூடப்பட்டதைத் தொடர்ந்து நாட்டின் பல பகுதிகளில் வங்கிகள் அடுத்தடுத்து விழத் தொடங்கின. அடுத்த மாதமே, அக்டோபர் 2 அன்று, ‘பேங்க் ஆஃப் மைசூர்’ பெங்களூரில் தொடங்கப்பட்டது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில் 1912 முதல் திவானாக இருந்த சர் எம். விசுவேசுவரய்யாவின் தலைமையில் அமைந்த வங்கிக் குழுவின் முயற்சியே அதன் தோற்றத்துக்குக் காரணம். மைசூர் அரசின் ஆதரவு அதற்குப் பின்னால் இருந்தது என்பது, வங்கிகள் வீழ்ந்துகொண்டிருந்த அந்நாளில், பெயர்ப்பலகையைவிடப் பெரிய விளம்பரமாக அமைந்திருக்கும்.

ஏற்கெனவே மாகாண வங்கிகள் இருந்தபோது மைசூர் சமஸ்தானத்துக்குத் தனி வங்கி எதற்கு என்ற ஐயம் எழலாம். 1876ஆம் ஆண்டின் மாகாண வங்கிகள் சட்டம், சென்னை வங்கி போன்றவை நிலம், கட்டடம் ஆகிய அசையாச் சொத்துகளின் அடமானத்தில் கடன் கொடுப்பதையும் நீண்ட காலக் கடன் கொடுப்பதையும் தடுத்திருந்தது. அதனால் அவற்றின் பணம் பெரும்பாலும் துறைமுக வணிகத்தையும் குறுகிய கால உண்டியல்களையும் சார்ந்து ஓடியது. பட்டும் காப்பியும் சந்தனமும் விளையும் நாட்டில் தொழிற்சாலைகளை எழுப்ப எண்ணிய விசுவேசுவரய்யாவுக்கு, உள்ளூர்ச் சேமிப்பைத் திரட்டி உள்ளூர்த் தொழிலுக்கே திருப்பிவிடும் நிறுவனம் ஒன்று தேவைப்பட்டது. அவருடைய திவான் காலத்திலேயே சந்தன எண்ணெய் ஆலையும் சோப்புத் தொழிற்சாலையும் தோன்றின. பத்ராவதி இரும்பாலைக்கான பணியும் தொடங்கியது. மைசூர் வங்கியையும் இத்திட்டங்களோடு சேர்த்தே காணவேண்டும்.

வட்டார வங்கியின் வலிமை அதன் அறிவில் உள்ளது. கடன் கேட்டு வருபவரின் நிலம், குடும்பம், கடந்த அறுவடை, அண்டைக் கடைகளில் அவருக்குள்ள பெயர் ஆகியவற்றை உள்ளூர்க் கிளை அறிந்திருப்பதால், ஈடாக வைக்கப்படும் சொத்தை மட்டும் நம்பாமல் ஆளையும் மதிப்பிட்டுக் கடன் கொடுக்க இயலும். அதன் பலவீனமும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் மழை பொய்த்தால் கடன் வாங்கியவர் தவணை கட்ட இயலாமல் திணறும் அதே மாதத்தில், வைப்பாளரும் செலவுக்காகச் சேமிப்பை எடுக்க வருவார். ஒரே காரணம் வங்கியின் இரு பக்கங்களையும் ஒருசேரத் தாக்கும். வெளியிலிருந்து தாங்கும் கை ஒன்று வட்டார வங்கிக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

மைசூர் வங்கியைத் தாங்கிய கை காலந்தோறும் மாறியது. சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்த பின், 1953இல் அது ரிசர்வ் வங்கியின் முகவராக அரசுப் பணிகளையும் கருவூலப் பணிகளையும் ஏற்றது. அரசின் வரவைப் பெற்றுக்கொள்வதும் அரசு கொடுக்கவேண்டியதைப் பட்டுவாடா செய்வதுமே கருவூலப் பணி. 1955இல் இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியாக மாற்றப்பட்டது. முன்னாள் சமஸ்தானங்களைச் சார்ந்திருந்த எட்டு வங்கிகளை அதன் துணை வங்கிகளாக்க 1959இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1960 மார்ச்சில் மைசூர் வங்கி, ‘ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர்’ என்ற புதுப் பெயருடன் துணை வங்கியானது. துணை வங்கி என்பது, பெரும்பான்மைப் பங்குகள் தாய் வங்கியிடம் இருக்க, தனி இயக்குநர் குழுவும் தனிக் கணக்கும் கொண்டு இயங்கும் வங்கி. வைப்பாளருக்குத் தாய் வங்கியின் பாதுகாப்பும், கடனாளிக்கு உள்ளூர்க் கிளையின் அறிமுகமும் ஒருங்கே கிடைத்த ஏற்பாடு அது.

அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்த சூழலைப் புரிந்துகொள்ள மூலதனம், வாராக்கடன் என்னும் இரு சொற்கள் தேவை. பங்குதாரர் இட்ட பணமும் சேர்ந்த இலாபமும் மூலதனம். வட்டியோ அசலோ 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அக்கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். ஒரு வங்கியில் மூலதனம் 8 ரூபாய், வைப்பு 92 ரூபாய், இவற்றைக் கொண்டு வழங்கிய கடன் 70 ரூபாய் என்று கொண்டால், கடனில் பத்தில் ஒரு பங்கு அடியோடு வராமல் போனால் 7 ரூபாய் இழப்பு ஏற்பட்டு, மூலதனத்தில் மிஞ்சுவது 1 ரூபாய். 2015இல் ரிசர்வ் வங்கி மேற்கொண்ட சொத்துத் தர ஆய்வு, பொதுத்துறை வங்கிகளின் ஏடுகளில் மறைந்திருந்த வாராக்கடன்களை வெளிக்கொணர்ந்தது. அந்தச் சூழலில், ஒரே உரிமையாளரின் கீழ்ப் பல தலைமையகங்களும் பல ஏடுகளும் எதற்கு என்ற கேள்வி வலுத்தது. 2017இல் மைசூர் உள்ளிட்ட ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டன. மைசூர் வங்கியின் 10 பங்குக்கு 22 ஸ்டேட் வங்கிப் பங்குகள் வழங்கப்பட்டன.

மைசூர் வங்கியைப் போலவே, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வைசியா வங்கி, ஐ.என்.ஜி. வைசியாவாகப் பெயர் மாறிய பின் 2015இல் கோட்டக் மகிந்திராவுடனும், விஜயா வங்கி 2019இல் பரோடா வங்கியுடனும் கலந்தன. தமிழ்நாட்டிலோ கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கி (1904), கரூர் வைசியா வங்கி (1916), தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி (1921) ஆகியவை தனித்தே இயங்குகின்றன. கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். இந்தியாவுடன் இணைக்கப்பட்டபோது பங்குதாரரின் மூலதனம் முழுவதும் அழிந்தது. வைப்பாளரின் பணம் காக்கப்பட்டது. இழப்பு நேர்ந்தால் முதலில் தாங்கவேண்டியவர் பங்குதாரர், வைப்பாளர் கடைசியில் என்ற வரிசை இதில் தெளிவாகிறது.

அந்த வரிசையும் போதாத நிலைக்காகவே வைப்புக் காப்பீடு உள்ளது. 1960இல் கேரளத்தின் பாலை மத்திய வங்கி வீழ்ந்ததற்குப் பின், 1962இல் 1,500 ரூபாய் வரம்புடன் தொடங்கிய இக்காப்பீடு, 2020 முதல் ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஈடு தருகிறது. இரு வங்கிகளில் பணம் வைத்திருந்தவருக்கு, அவை இணைந்ததும் இரு வரம்புகள் ஒன்றாகிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே, ஒரு வங்கியின் ஆண்டறிக்கையைக் கையில் எடுக்கும் மாணவர் இலாபக் கணக்கோடு நின்றுவிடாமல், பெரும்பான்மைப் பங்கு யாரிடம் உள்ளது, கடன்கள் எந்த வட்டாரத்திலும் தொழிலிலும் குவிந்துள்ளன, வாராக்கடனைத் தாங்கும் அளவுக்கு மூலதனம் உள்ளதா என்ற மூன்றையும் தேடிப் படிக்க வேண்டும். இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால், அந்த வங்கியின் வாக்குறுதிக்கு எவ்வளவு எடை உண்டு என்பதைத் தாமே கணித்துக்கொள்ளலாம்.