கினிப்பன்றிக்குப் போர் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: என் பத்து வயது மகள் இரண்டு கினிப்பன்றிகள் வளர்க்கிறாள். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். பாத்திரமெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. நாங்கள் குடிப்பதற்கு கேன் வாங்குகிறோம். கினிப்பன்றிகளுக்கும் அதையே கொடுக்க வேண்டுமா? கடைக்காரர் வைட்டமின் சி சொட்டு மருந்து கொடுத்து, தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார். அப்படி வைத்ததிலிருந்து பாட்டிலில் தண்ணீர் குறைவதே இல்லை. காய்கறி தின்பதால் தாகம் எடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகி, தாம்பரம்

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்விதான் அவசரமானது. அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 மில்லி தண்ணீர் வேண்டும். வெள்ளரி, கீரை தின்கிற நாளில் இது குறையும். ஆனால் தண்ணீர் மட்டமே இறங்கவில்லை என்றால் ஏதோ தடுக்கிறது என்று பொருள்.

முதலில் பாட்டில் முனையிலுள்ள இரும்புக் குண்டை விரலால் தள்ளிப் பாருங்கள். சொட்டு விழுகிறதா? பாட்டில் நிறைந்திருக்கும், குண்டு மட்டும் சிக்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தினமும் காலையில் இதைச் செய்து பார்க்கும் வேலையை மகளிடமே கொடுங்கள்.

சொட்டு விழுகிறது, ஆனாலும் குடிக்கவில்லை என்றால் என் சந்தேகம் அந்த மருந்தின் மேல்தான். இன்றே நிறுத்திவிடுங்கள். நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளாது. அது குறைந்தால் மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், நடக்கவே வலிக்கும். ஆகவே வைட்டமின் கட்டாயம் வேண்டும். தண்ணீரில் கலப்பதுதான் தவறு. வெளிச்சம் பட்டும் உலோகம் பட்டும் அது வேகமாகச் சிதைந்துபோகும். சாயங்காலம் அந்தப் பாட்டிலில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சுவை மாறியதால் விலங்கு குடிப்பதையே குறைத்துக்கொண்டால் தண்ணீரும் போச்சு, வைட்டமினும் போச்சு. தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லித் தழை, எப்போதாவது சின்னக் கொய்யாத் துண்டு கொடுங்கள். மருந்தாகவே தரவேண்டிய நிலை வந்தால் மருத்துவர் சொல்லும் அளவை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரமாகப் புகட்டலாம்.

இனி தண்ணீர். நீங்கள் எதைக் குடிக்கிறீர்களோ அதையே கொடுங்கள். கினிப்பன்றியின் குடல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் தாராளமாக உறிஞ்சும். வேண்டாத மிச்சம் சிறுநீர் வழியே போகும். அதன் சிறுநீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி போலத் தெரிவது அதனால்தான். சிறுநீர்ப்பையில் கல் உண்டாவதும் இந்த விலங்கில் அடிக்கடி பார்க்கிற நோய். உப்புத் தண்ணீர் ஒன்றினால் மட்டுமே கல் வரும் என்று நான் சொல்லமாட்டேன். தீனியும் குறைவாகக் குடிப்பதும் சேர்ந்துதான் வரும். ஆனாலும் பாத்திரத்தில் இவ்வளவு படியும் தண்ணீரை அவற்றுக்கு ஊற்ற வேண்டாம். கேன் வராத நாளில் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறி அடியில் படிந்த பிறகு மேலாக ஊற்றி எடுங்கள். கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும், முழுவதும் போகாது.

நான் அதிகம் கவலைப்படுவது எந்தத் தண்ணீர் என்பதைப் பற்றியல்ல, அது போகும் குழாயைப் பற்றி. கினிப்பன்றி வாயில் தீனியை வைத்துக்கொண்டே குடிக்கும். மென்ற புல் துகள் குழாய்க்குள் ஏறும். நம் ஊர் வெயிலில் அது ஒரே நாளில் ஊறி வழவழப்பாகிவிடும். எவ்வளவு சுத்தமான தண்ணீரும் அந்தப் பிசுக்கின் வழியாகத்தானே வாய்க்குப் போகிறது! மிச்சத் தண்ணீரின் மேலேயே ஊற்றி நிரப்பாதீர்கள். தினமும் முழுவதும் கொட்டிவிட்டு, பாட்டிலை பிரஷ் விட்டுத் தேய்த்து, முனைக்குழாயை மெல்லிய பிரஷ்ஷால் குடைந்து கழுவுங்கள். வாரம் ஒருமுறை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால் வெள்ளைப் படிவு விட்டுப்போகும். பிறகு வாசனை போகும்வரை அலசவேண்டும். வெயில் படும் இடத்தில் பாட்டில் தொங்கினால் பாசி பிடிக்கும்.

கூடவே கனமான ஒரு பீங்கான் கிண்ணமும் வையுங்கள். தலை குனிந்து குடிப்பது அவற்றுக்கு இயல்பு, சுலபமும்கூட. வைக்கோலும் புழுக்கையும் விழத்தான் செய்யும், பார்க்கும்போதெல்லாம் மாற்றுங்கள். இரண்டில் ஒன்று மற்றதை விரட்டுகிறது என்றால் தண்ணீர் இரண்டு இடங்களில் இருப்பது இன்னும் அவசியம்.

சித்திரை, வைகாசி மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். 27, 28 டிகிரியைத் தாண்டினாலே கினிப்பன்றி திணறும், அதற்கு வியர்க்காது. மதியம் பாட்டிலில் தண்ணீர் சுட்டால் தொடாது. அப்போது ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று மட்டும் குடிக்காமல் இருந்தால் பல்லைப் பார்க்கவேண்டும். கடைவாய்ப் பல் வளர்ந்து நாக்கை அழுத்தினால் தாகமிருந்தும் குடிக்க முடியாது. புழுக்கை சிறுத்து உலர்ந்திருந்தாலோ, தீனியைத் தொடாவிட்டாலோ மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் மிஞ்சியிருக்கும் அமாக்ஸிசிலினைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள்; கினிப்பன்றிக்கு அது உயிரைப் பறிக்கும் மருந்து.