பெயரும் பிரதியும் உன் கையில் இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நம் ஊர் ஏரிகளைப் பற்றி நீ எழுதிச் சேர்த்த தளம் அடிக்கடி முடங்கிப்போகிறது, வேறு ஹோஸ்டிங்குக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக மாறு. ஆனால் பழைய கணக்கை மூடுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

முதலில் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பார். ஹோஸ்டிங் வாடகை வீடு மாதிரி. டொமைன்தான் உன் விலாசம். தளத்தை அமைத்துக் கொடுத்தவரே தன் பெயரில் டொமைனையும் வாங்கிவைத்திருப்பது நம் பக்கம் சகஜம். அப்படியிருந்தால், மனஸ்தாபம் வருமுன் உன் பெயருக்கும் உன் ஈமெயிலுக்கும் மாற்றிக்கொள். ஹோஸ்டிங் மாற டொமைனை நகர்த்த வேண்டியதில்லை, டொமைன் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் டி.என்.எஸ். அமைப்பில் புது சர்வரின் ஐ.பி. எண்ணைக் கொடுத்தாலே போதும்.

அடுத்தது பேக்கப். வேர்ட்பிரஸ் தளத்தில் படங்களும் தீமும் ஃபோல்டர்களில் இருக்கும்; நீ எழுதியதெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். ஃபோல்டர்களை மட்டும் இறக்கிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே. இரண்டையும் இறக்கி, ஒரு பிரதியை வீட்டு ஹார்டு டிஸ்கில் வை. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்து ஒரு கட்டடமே எரிந்துபோனது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால் தளம், பேக்கப் இரண்டையும் பறிகொடுத்தவர்கள் உண்டு. பெரிய நிறுவனம் என்ற நம்பிக்கை மட்டும் போதாது.

தமிழில் எழுதுகிற நமக்கு இன்னொரு கவனமும் வேண்டும். டேட்டாபேஸை இறக்கும்போதும் ஏற்றும்போதும் எழுத்துக் குறியாக்கம் யூ.டி.எஃப்.8.எம்.பி.4 என்றே இருக்கிறதா என்று பார். ஏற்றிய பிறகு கட்டுரை முழுக்கக் கேள்விக்குறியாகத் தெரிந்தால், அந்த டேட்டாபேஸில் எழுத்து பெரும்பாலும் அழிந்திருக்கும். அதைச் சரிசெய்ய முயன்று நேரத்தை வீணாக்காமல் மூலப் பிரதியிலிருந்து மறுபடி ஏற்று. இணைப்பு முகவரிகளையும் மாற்றாதே. முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது எழுத்துகளாக விரியும். வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்கு 200 எழுத்துகள்தான் ஒதுக்குகிறது. அதனால் உன் நீண்ட தலைப்புகள் பல, முகவரியில் பாதியோடு நிற்கும். வெட்டுப்பட்ட முகவரியாக இருந்தாலும் அப்படியே கொண்டுபோ. பிறர் கொடுத்த இணைப்புகளும் கூகுளும் அதைத்தான் அறியும்.

மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே டி.என்.எஸ்.ஸில் டி.டி.எல். மதிப்பைக் குறைத்துவிடு. அது வினாடிக் கணக்கு. 86400 என்று இருந்தால் பழைய விலாசம் ஒரு நாள் வரை மற்ற கணினிகளின் நினைவில் தங்கும். 300 என்றால் ஐந்து நிமிடம்தான். புது சர்வரில் ஏற்றி முடித்ததும், உன் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மட்டும் புது ஐ.பி.யைப் போட்டுத் தளத்தை முழுக்கச் சுற்றிப் பார்: படங்கள், தேடல், பழைய கட்டுரைகள். எல்லாம் சரி என்றால் டி.என்.எஸ்.ஸை மாற்று. அந்த டொமைனில் ஈமெயில் வைத்திருந்தால் எம்.எக்ஸ். பதிவுகளை மறந்துவிடாதே; மறந்தால் தளம் ஓடும், கடிதம் மட்டும் வராது. எஸ்.எஸ்.எல். சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது. அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துவிடு. மாறிய பிறகும் இரண்டு வாரம் பழைய கணக்கை வைத்திரு. அதுவரை அங்கே புதிதாக எதையும் எழுதாதே.

இனி எந்த ஹோஸ்டிங்கைத் தேர்ந்தெடுப்பது என்பது. 99.9 சதவீதம் ஓடும் என்று விளம்பரம் செய்தால், வருடத்தில் ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் முடங்கலாம் என்று கணக்கு. வாக்கு தவறினால் என்ன தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் படி. முதல் வருட விலையை விட்டுவிட்டு, புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று கேள். அன்லிமிடெட் என்று சொல்வார்கள். ஃபைல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், விதிகளைத் தேடிப் பார். உன் வாசகர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருப்பதால் மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள சர்வர் போதும். அமெரிக்காவில் இருப்பதைவிடப் பக்கம் சீக்கிரம் திறக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சப்போர்ட்டுக்கு ஒரு கேள்வி அனுப்பு. பதில் எப்போது, எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கேள்: முழு பேக்கப்பை நானே எடுத்துக்கொண்டு போக முடியுமா? முடியும் என்று தயங்காமல் சொல்கிறவரிடம் போ. போக விடாதவரை நம்பி வருடக்கணக்கில் எழுதி வைக்காதே.

அங்கே சேர்ந்த பிறகும் மாதம் ஒருமுறை பேக்கப் இறக்கு. இறக்கியதை உன் கணினியில் ஏற்றி, தளம் எழுந்து வருகிறதா என்று பார். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதே. ஏரி மதகுகளின் பெயர்களைக் கேட்டு வாங்க நீ எத்தனை பெரியவர்களைத் தேடிப்போனாய் என்று எனக்குத் தெரியும். அவர்களில் சிலரிடம் மறுபடி கேட்க முடியாது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

டொமைன் கணக்கைப் பார்த்துவிட்டு எழுது. அதன் பிறகு நாள் குறிப்போம்.

அன்புடன்,
அக்கா