காலுவே எங்கே ஓடுகிறது?

பூக்கார அக்கா பல வருடம் சீட்டுக் கட்டினார். பெங்களூரில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும். அதுதான் அவர் ஆசை.

ஒரு புரோக்கர் வீடு காட்டினார். 30 அடிக்கு 40 அடி சைட். அதில் இரண்டு அறை வீடு. "பத்திரம் இருக்கு. வரி ரசீது இருக்கு. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்துடுங்க" என்றார்.

அக்கா காகிதங்களை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் போனார். அவர் சர்வே இலாகாவில் சங்கிலி பிடித்தவர்.

"எல்லாம் சரியா இருக்கா பெரியப்பா?"

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். "யார் யாருக்கு வித்தாங்கன்னு இருக்கும்மா. அந்த இடத்துல முன்னே என்ன இருந்துச்சு?"

"வீட்டை நேர்லயே பார்த்தேனே!"

"வீட்டைப் பார்த்தே. காலுவேயைப் பார்த்தியா?"

காலுவே என்றால் கால்வாய். பெங்களூரில் ஏரிகள் பல. ஓர் ஏரி நிறைந்தால் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது போகும் பெரிய கால்வாய்க்கு ராஜகாலுவே என்று பெயர். நகரம் வளர்ந்தது. ஏரிகள் மறைந்தன. மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. ஆனால் மழைத் தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடும்.

2016 ஜூலை கடைசியில் பெருமழை பெய்தது. கோடிச்சிக்கனஹள்ளி வீதிகளில் வெள்ளம் நின்றது. தெருவிலேயே சிலர் மீன் பிடித்தார்கள். ஆகஸ்டில் மாநகராட்சி இயந்திரங்கள் வந்தன. ராஜகாலுவேயை மறித்துக் கட்டியவை என்று சொல்லி வீடுகளை இடித்தார்கள். அவனி சிருங்கேரி நகரிலும் வீடுகள் போயின. அந்த மக்களிடமும் பத்திரம் இருந்தது. வரி ரசீது இருந்தது. பாங்கில் கடன் வாங்கிக் கட்டியவர்களும் உண்டு. வீடு போயிற்று, கடன் நின்றது.

அக்கா பேசவில்லை. பெரியப்பா ஒரு தாளை எடுத்தார்.

"மூணு காகிதம் வேணும்மா. சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் வில்லங்கச் சான்று. அதுல பழைய விற்பனையும் அடமானமும் தெரியும். அப்புறம் பஹணி. அப்புறம் கிராம நகாஷா."

நகாஷா என்றால் கிராமத்தின் வரைபடம். சர்வே இலாகாவில் கிடைக்கும். இப்போது அந்த இலாகாவின் இணையதளத்திலும் கிடைக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சர்வே எண் இருக்கும். ஏரியும் காலுவேயும் அதில் வரைந்திருக்கும். எழுத்து கன்னடம். அக்காவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. மகன் படித்துச் சொன்னான்.

சர்வே எண்ணின் ஓரமாக ஒரு காலுவே போனது.

பஹணியில் அந்த நிலம் 1 ஏக்கர் என்று இருந்தது. அதில் 6 குண்டே கராப். காலுவே, பாதை போன்ற பொது இடத்தைக் கராப் என்று எழுதிக் கழித்துவிடுவார்கள். அதை யாரும் விற்க முடியாது.

பெரியப்பா கணக்குப் போட்டார். சங்கிலி 66 அடி. பாதிச் சங்கிலி 33 அடி. 33-ஐ 33-ஆல் பெருக்கினால் 1,089 சதுர அடி. அதுதான் ஒரு குண்டே. 40 குண்டே ஒரு ஏக்கர். கராப் போக மீதி 34 குண்டே. அதாவது 37,026 சதுர அடி. புரோக்கர் கொடுத்த படத்தில் 32 சைட். ஒரு சைட் 1,200 சதுர அடி. மொத்தம் 38,400.

"ரோடு எங்கே பெரியப்பா?"

"அதைத்தான் நானும் தேடறேன். ரோடு போடாமலே நிலம் பத்தலை."

"நாமே ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போய் அளந்தா?"

"டேப் வச்சுச் சுவரை அளப்பார். 30-க்கு 40 சரியா வரும். அந்தச் சுவர் யார் நிலத்துல நிக்குதுன்னு டேப் சொல்லாது."

அதற்கு வேறு அளவை வேண்டும். ஹத்துபஸ்து என்பார்கள். எல்லையைக் காட்டும் அளவை. நிலத்தின் சொந்தக்காரர் சர்வே இலாகாவில் மனு கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். பக்கத்து நிலத்தாருக்கும் நோட்டீஸ் போகும். அரசு சர்வேயர் பழைய அளவுப் பதிவைக் கொண்டு வருவார். எல்லைக் கல்லைத் தேடி அதிலிருந்து அளப்பார். கல் சில இடங்களில் மண்ணுக்குள் கிடக்கும். தோண்டித்தான் பார்க்க வேண்டும். பெரியப்பா அப்படி எத்தனையோ கல் தோண்டியவர்.

வெள்ளிக்கிழமை புரோக்கர் வந்தார்.

"ஹத்துபஸ்துக்கு மனு கொடுக்கச் சொல்லுங்க. சர்வேயர் அளந்த பிறகு அட்வான்ஸ் தரேன்" என்றார் அக்கா.

"அதுக்கெல்லாம் நாளாகும்மா. வேற ஆள் ரெடியா இருக்காங்க."

"அவங்களுக்கே கொடுங்க."

புரோக்கர் கிளம்பினார். வாசல் வரை போய்த் திரும்பினார். "இன்னொரு சைட் இருக்கும்மா. பார்க்கறீங்களா?"

அக்கா நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டார்.

"முதல்ல சர்வே நம்பரைச் சொல்லுங்க. எழுதிக்கறேன்."