மார்கழிப் பனியும் டீசல் எஞ்சினும்

நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் கரும்பின் முன்பட்ட நடவு மார்கழி, தை மாதங்களில் நடைபெறுகிறது. கரணை ஊன்றிய முதல் நான்கைந்து வாரங்களில் தண்ணீர் குறைவாகவும் அடிக்கடியும் பாய வேண்டும். அப்பொழுது இறவை தடைப்பட்டால் முளைப்பு ஒழுங்காக வராது. போக்கு நடவுக்குக் கூலியும் கரணையும் மீண்டும் செலவாகும். 1962-ஆம் வருஷத்தில் நெய்வேலி அனல் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிய பிறகு, இப்பக்கத்துக் கிணறுகள் பெரும்பாலும் மின்சார மோட்டாருக்கு மாறிவிட்டன என்பது மெய்யே. ஆயினும் 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. அது நடுமார்கழி. அத்தகைய சமயத்தில் கிணற்றுத் தண்ணீரை இறைக்கவும், வயலில் தேங்கிய வெள்ளத்தை வடிக்கவும், கொட்டகை மூலையில் கிடக்கும் டீசல் எஞ்சினை விட்டால் வேறு துணை கிடையாது.

அந்த எஞ்சினோ, விடியற்காலையில் எத்தனை முறை ஹேண்டில் போட்டாலும் கிளம்ப மறுக்கிறது. வெயில் ஏறிய பின் ஒரே சுற்றில் கிளம்பிவிடுகிறது. இதைக் காணும் குடியானவர், இரவுப் பனியில் டீசல் உறைந்துவிட்டதென்று முடிவு செய்கிறார். சிலர் எண்ணெய்த் தொட்டியின் அடியில் வைக்கோலைக் கொளுத்தியும் காட்டுகின்றனர். தொட்டி வெடித்துக் கொட்டகையும் ஆளும் வெந்துபோகக் கூடிய இக்காரியத்தை எவரும் செய்யலாகாது. அபாயம் ஒருபுறமிருக்க, இவ்வூரில் அதற்கு அவசியமே இல்லை.

இந்த எண்ணம் எழுவதற்குக் காரணம் தேங்காயெண்ணெய். அது ஏறக்குறைய 24 டிகிரி சென்டிகிரேடிலேயே இறுகுவதால், மார்கழிக் காலையில் வீட்டுக்கு வீடு சீசாவில் உறைந்து நிற்கிறது. டீசலும் எண்ணெய்தானே, அதுவும் அவ்வாறே இறுகும் என்று கருதுகின்றனர். டீசலிலும் மெழுகு உண்டு. போதிய குளிர் ஏற்பட்டால் அது பிரிந்து நுண்ணிய துகள்களாகி பில்டரை அடைக்கும். ஆனால் எவ்வளவு குளிர் வேண்டும் என்பதே கேள்வி. இந்தியத் தர நிர்ணயப்படி நவம்பர் முதல் பிப்ரவரி வரை விற்கப்படும் டீசல், பில்டரை அடைக்கத் தொடங்கும் நிலை 6 டிகிரிக்கு மேற்படக் கூடாது. மற்ற மாதங்களின் டீசலுக்கு இந்த வரம்பு 18 டிகிரி. நெல்லிக்குப்பத்தில் மார்கழி விடியற்காலையின் குளிர் சாதாரணமாக 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. சந்தேகமுள்ளவர்கள் ஒரு வெள்ளைச் சீசாவில் டீசலையும் மற்றொன்றில் தேங்காயெண்ணெயையும் ஊற்றி, இரவு முழுதும் எஞ்சின் கொட்டகையில் வைத்து, காலையில் பார்க்கலாம். தேங்காயெண்ணெய் கல்லாய் நிற்கும். டீசல் தெளிவாய் ஆடும்.

டீசல் மெய்யாகவே மெழுகு கட்டும் இடங்கள் வேறு. நீலகிரியில் உறைபனி விழும் இரவுகளில், கோடையில் வாங்கிப் பீப்பாயில் மிஞ்சிய டீசலை எஞ்சினில் ஊற்றினால் இத்தொல்லை நேரக்கூடும். அங்குள்ளவர்கள் பழைய சரக்கைக் குளிருக்கு முன்பே செலவழித்துவிடுவது நலம். லடாக்கின் குளிரோ சாதாரண டீசலுக்குத் தாங்காது. ஆகையால் இந்தியன் ஆயில் கம்பெனியார் 2019-ஆம் வருஷம் நவம்பரில், பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை ஓட்டம் இழக்காத தனி டீசலை அப்பிரதேசத்துக்கென வெளியிட்டனர். கடலூர்ச் சீமைக்கு அது எவ்விதத்திலும் வேண்டியதன்று.

அங்ஙனமாயின் இங்கே குளிர் செய்வதென்ன? டீசல் எஞ்சினில் நெருப்புப் பொறி கிடையாது. உருளையினுள் காற்று பலமாக அமுக்கப்பட்டு 500 டிகிரிக்கு மேல் சூடேற, அதில் எண்ணெய் பனிபோல் தூவப்பட்டுத் தானே பற்றுகிறது. குளிர்ந்த இரும்பு இச்சூட்டில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. மசகெண்ணெய் தடித்துவிடுவதால் ஹேண்டிலும் வேகமாய்ச் சுற்றாது. மெதுவாய்ச் சுற்றினால் காற்று வளையங்களின் வழியே கசிந்து சூடு இன்னும் குறையும். நல்ல நிலையிலுள்ள எஞ்சின் இவ்வளவையும் தாங்கிக் கிளம்பிவிடும். எண்ணெய் வரத்தில் ஏற்கனவே ஒரு சிறு குறை இருக்குமானால், பகல் வெப்பத்தில் மறைந்திருந்த அது காலைக் குளிரில் வெளிப்படுகிறது.

குறை எங்கே என்பதைப் புகையே சொல்லும். ஹேண்டில் போடும்போது ஒருவர் புகைக்குழாயின் வாயைக் கவனிக்க வேண்டும். வெண்புகை வந்தால் எண்ணெய் உள்ளே சேர்கிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். புகையே வராவிட்டால் எண்ணெய் வந்து சேரவே இல்லை. காதும் இதற்கு உதவும். அழுத்தத்தைத் தளர்த்தும் லீவரைத் தூக்கி மெதுவாகச் சுற்றினால், எண்ணெய் தூவப்படும் ஒவ்வொரு தடவையும் நாசிலில் ‘கிரீச்’ என்ற ஒலி கேட்கும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் முதலில் இந்த ஒலிக்கே செவி கொடுப்பர். இந்தப் பரீட்சைக்கு ஒரு நிமிஷம் போதும். இதைச் செய்யாமல் எஞ்சினைக் கழற்றுவது வீண் செலவு.

புகை வராத எஞ்சினில் தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். குழாய் திறந்திருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்பவை சொல்லத் தேவையில்லாதவை போலத் தோன்றினும், பாதித் தொல்லை அங்கேயே தீர்வதுண்டு. அடுத்தது தொட்டி மூடியிலுள்ள சிறு துவாரம். எண்ணெய் இறங்குமளவுக்குக் காற்று உள்ளே புக வேண்டி அமைக்கப்பட்டது அது. நெடுநாள் சும்மா கிடந்த கொட்டகையில் குளவி மண் வைத்து அதை அடைத்துவிடும். அப்படியானால் எஞ்சின் கிளம்பிச் சில நிமிஷம் ஓடி நின்றுவிடும்; மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். ஒரு ஊசியால் தீரும் இக்குறைக்காகப் பம்பையே மாற்றியவர்கள் உண்டு.

அதன் பின் பில்டர். அது அடைபட்டிருந்தால் புதியது போடுவதே சரி. பெட்ரோலில் அலசிக் காகிதப் பில்டரைத் திரும்பப் போடுவது பலன் தராது.

இவை சரியாயிருந்தும் எண்ணெய் வராவிட்டால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. நாசில் திறக்கச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ அழுத்தம் வேண்டும். எண்ணெய் அமுங்காது, ஆதலால் பம்பின் தள்ளுதல் முழுவதும் நாசிலைச் சேரும். காற்றோ பஞ்சுபோல் அமுங்கும். அழுத்தம் அதிலேயே மாண்டுவிடும். தொட்டி ஒருமுறை வற்றிப்போனாலும், மூட்டு ஒன்றில் வாஷர் தேய்ந்து இரவில் எண்ணெய் சொட்டி வடிந்தாலும் காற்று புகும். டிராக்டர்களில் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வருவதால், சொட்டு வெளியே தெரியாமலே காற்று உள்ளே போவதுண்டு. பழைய ரப்பர்க் குழாய் குளிரில் விறைத்துப் பிடி தளர்வதும், வெயிலில் இளகி இறுகுவதும் இதற்கு ஒரு காரணம். ‘காலையில் ஓடாத வண்டி பத்து மணிக்கு ஓடுகிறது’ என்னும் புதிரின் விடை பல சமயம் இதுவே.

ஏர் எடுக்கும் முறையை ஒவ்வொரு எஞ்சின்காரரும் அறிந்திருத்தல் அவசியம். தொட்டியில் எண்ணெய் நிரப்பி, பில்டரின் மேலுள்ள திருகை இரண்டு சுற்றுத் தளர்த்த வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாய் வரும். குமிழியற்ற எண்ணெய் வந்ததும் திருகு ஒழுகிக்கொண்டிருக்கும்போதே முடுக்க வேண்டும். பிறகு பம்பின் மேலுள்ள திருகிலும் அவ்வாறே செய்க. கடைசியாக, நாசிலின் பக்கம் தடித்த குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஹேண்டிலைச் சுற்றி, எண்ணெய் தெறித்து வரும்போது முடுக்கலாம். இந்த வரிசை மாறினால் காற்று முன்னுக்குத் தள்ளப்படுமேயன்றி வெளியேறாது. நாசிலை வெளியே கழற்றி வைத்துத் தூவலைப் பார்க்கையில் கையை எதிரே நீட்டலாகாது. அத்தூவல் தோலைத் துளைத்துச் சதையினுள் புகும். ஊசி குத்தின அளவே காயம் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டியதாகும்.

தண்ணீர்க் கலப்பு இப்பக்கத்தில் காற்றை விடப் பெரிய சத்துரு. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு பனிக்காலம் வருகிறது. பாதி காலியான தொட்டியின் உட்சுவரில் இரவு ஈரம் முத்துமுத்தாய் வியர்த்து எண்ணெயில் இறங்குகிறது. வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த பீப்பாயோ இன்னும் மோசம். அதன் தலையில் மழைநீர் தேங்கும். பகலில் விரிந்த காற்று இரவில் சுருங்கும்போது அடைப்பானின் மரை வழியே அந்நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். லிட்டருக்கு 1 கிலோ கனமுள்ள தண்ணீர், சுமார் 0.83 கிலோ கனமுள்ள டீசலின் அடியில் போய்ப் படியும். குழாயோ அங்கிருந்தே கிளம்புகிறது. பல மாதம் தேங்கினால் இரண்டும் சேருமிடத்தில் கிருமிகள் வளர்ந்து, பாசிபோன்ற வழுவழுப்பு உண்டாகிப் பில்டரை அடைக்கும்.

ஆகவே எஞ்சினை அசைப்பதற்கு முன், அதிகாலையில், தொட்டியின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் சிறிது பிடித்துப் பார்க்க வேண்டும். அடியில் தண்ணீர் கோடு தெரிந்தால் தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு, பில்டர்க் கிண்ணத்தையும் வடித்து, ஏர் எடுக்க வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைத்தால் வியர்ப்பதற்கு வெற்றிடமே இராது. காலையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று விடுவதே பெருவழக்கமாய் இருக்கிறது. அது மாற வேண்டும். பீப்பாயைக் கூரையின் கீழ், அடைப்பான் மேடான பக்கம் இருக்கும்படி சற்றுச் சாய்த்து வைப்பதும், அடியில் நாலு விரற்கடை எண்ணெயை இறைக்காமல் விடுவதும் நல்ல பழக்கங்கள்.

வெண்புகை வந்தும் கிளம்பாத எஞ்சினுக்குச் சூடே தேவை. தண்ணீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினானால், கை பொறுக்கும் வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி வடியவிட்டால் உருளை வெதுவெதுப்பாகும். கொதிநீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு பிளக்கும். வளையம் தேய்ந்த பழைய எஞ்சினில், காற்று இழுக்கும் வழியில் ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல் மசகெண்ணெய் விட்டுச் சுற்றினால் கசிவு தற்காலிகமாக அடைபடும். லீவரைத் தூக்கி வேகம் பிடித்த பின் விடுவதற்கு இரண்டு ஆட்கள் இருந்தால் நல்லது. எரியும் துணியைக் காற்று வழியில் காட்டும் வழக்கம் கண்டிக்கத்தக்கது.

குளிருக்கு மருந்தென்று டீசலில் மண்ணெண்ணெய் கலப்போரும் உண்டு. உறையாத எண்ணெய்க்கு உருக்கும் மருந்து எதற்கு? பம்பின் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. அங்கே மசகு வேலை செய்வதும் டீசலேயாம். மண்ணெண்ணெய்க்கு அக்குணம் குறைவு, தண்டு தேயும், தேய்ந்த பம்பு குளிரில் கிளம்பவே கிளம்பாது.

வெள்ள வடிகாலுக்கென எஞ்சின் வைத்திருக்கும் ஊர்களில், கிராம அதிகாரிகள் புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறையும், மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும், விடியற்காலையிலேயே அதை ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். நடுப்பகலில் ஓட்டிப் பார்த்துக் கணக்கில் எழுதுவதால் பயனில்லை. ஒரு பில்டர், அளவுக்கேற்ற செப்பு வாஷர்கள் ஆறு, இரண்டு ஸ்பானர் ஆகியவற்றை எஞ்சினோடு ஒரு பெட்டியில் பூட்டி, சாவியை எஞ்சின் ஓட்டுபவரிடமே விட்டுவைக்கலாம்.