பி.எல்.சி. பயில்வோர்க்கு முதற் கருவி எது?

நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளைப் பரிசோதிக்கச் சென்றபோது, பழுதுபார்ப்புச் செலவின்கீழ் ஒரு ரசீது நம் பார்வைக்கு வந்தது. சங்கத்தின் சாயச்சாலையில் நூல் தோய்க்கும் இயந்திரம் நான்கு நாட்கள் நின்றுபோயிருந்தது. வெளியூரிலிருந்து வந்த மெக்கானிக் பேனல் பெட்டியைத் திறந்து, பத்து நிமிடத்தில் அதை ஓடச் செய்துவிட்டார். தொட்டியின் நீர்மட்டத்தை அறிவிக்கும் மிதவை ஸ்விட்சின் கம்பி ஒன்று களிம்பேறிக் கழன்றிருந்ததே குறை. நீர் நிரம்பிற்று என்ற செய்தி கிட்டாமையால், கட்டுப்பாட்டுக் கருவி காத்துக்கொண்டே இருந்தது. கம்பியை முடுக்க அங்கிருந்த எவராலும் இயலும். கருவி எதற்காகக் காத்திருக்கிறது என்று அறியும் பயிற்சிதான் ஒருவரிடமும் இல்லை. சாயமேறிய நூல் வாராமையால் தறிகாரர்கள் இழந்த கூலியோ எந்த ரசீதிலும் ஏறவில்லை.

அக்கருவியைப் பி.எல்.சி. என்று வழங்குகின்றனர். இன்று சாயச்சாலை, பஞ்சாலை, நீரேற்றுக் கூடம் ஆகிய பல இடங்களிலும் அது புகுந்துவிட்டது. அது கற்றோர்க்கே உரிய விந்தையன்று. 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ரிலேக்கள் நிறைந்த பெரும் பெட்டிகளுக்கு மாற்று ஒன்றைத் தேடியது. கார் மாதிரி மாறுந்தோறும் கம்பிகளைப் பிரித்துப் பூட்ட வேண்டியிருந்ததே காரணம். டிக் மார்லி முதலியோர் உருவாக்கிய மோடிக்கான் 084 என்ற கருவி அதற்கு விடையாயிற்று. கம்பியை மாற்றாமல், உள்ளே எழுதிய கட்டளையை மாற்றினாற் போதும் என்ற நிலை வந்தது. கட்டளையும் மின் பணியாளர் நன்கறிந்த ரிலேச் சுற்றுப் படத்தைப் போலவே ஏணி வடிவில் அமைந்தது. ஆகவே நம் சங்கத்து மின் பணியாளரும், ஆர்வமுள்ள அங்கத்தினரின் பிள்ளைகளும் இதைக் கற்கலாம் என்பதில் ஐயமில்லை.

கற்பதற்கு முதலில் எந்தக் கருவியை வாங்குவது? விலையுயர்ந்ததே சிறந்தது என்ற எண்ணத்தை விட்டுவிடுக. பின்வரும் நான்கு கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

முதலாவது, மென்பொருள். கட்டளை எழுதுவதற்கு உரிய மென்பொருள் இல்லாவிடில் கருவி வெறும் பெட்டியே. டெல்ட்டா நிறுவனத்தின் டி.வி.பி. வகைக்கும், ஷ்னைடர் நிறுவனத்தின் மோடிக்கான் எம்221 வகைக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பின்னதில் கருவியே இன்றிக் கணிப்பொறியில் ஒத்திகை பார்க்கும் வசதியும் உண்டு. சீமென்ஸ் எஸ்7-1200 சிறந்த கருவியே. எனினும் அதன் மென்பொருளை 21 நாட்களே இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு உரிமம் வாங்க வேண்டும்.

இரண்டாவது, நம் இடத்தில் ஏற்கெனவே ஓடும் கருவி யாது? பேனல் பெட்டியைத் திறந்து பெயரைக் குறித்துக்கொள்க. அதே குடும்பத்தைச் சேர்ந்த சிறு கருவியிற் பயின்றால், கற்றது மறுநாளே பயன்படும். அவ்வாறு எதுவும் இல்லையேல், இலவச மென்பொருள் உள்ளதையே தேர்க. ஏணிப் படம் உள்ளிட்ட மொழிகளுக்கு ஐ.இ.சி. 61131-3 என்ற சர்வதேசத் தரம் 1993 முதல் உள்ளது. ஆகவே ஒன்றிற் கற்ற முறை மற்றொன்றிலும் பெரும்பாலும் உதவும்.

மூன்றாவது, அளவும் மின்சாரமும். டெல்ட்டா டி.வி.பி.-14எஸ்.எஸ்.2 போன்ற கருவியில் உள்ளீடு 8, வெளியீடு 6 உள்ளன. தொடக்கப் பயிற்சிக்கு இவை போதும். ரிலே வெளியீடு உள்ள வகை பயில்வோர்க்கு எளிது. ஒரே குடும்பத்திலும் சில கருவிகள் 230 வோல்ட்டில் இயங்கும். சில 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கும். பயிற்சிப் பலகைக்கு 24 வோல்ட்டே ஏற்றது.

நான்காவது, பழைய கருவியாயின், அதற்குரிய கேபிள் கிடைக்குமா, மென்பொருள் இன்றைய கணிப்பொறியில் ஓடுமா என்று நேரிற் பார்த்த பின்னரே வாங்குக. மலிவாக வாங்கிப் பெட்டியிற் பூட்டி வைப்பது சிக்கனமாகாது.

கருவியுடன் நான்கு பொத்தான்களும் நான்கு விளக்குகளும் ஒரு மிதவை ஸ்விட்சும் சேர்த்துப் பலகையிற் பூட்டிக்கொள்க. முதற்பாடம், ஒரு பொத்தானால் விளக்கை ஏற்றி, மற்றொன்றால் அணைப்பது. நிறுத்தும் பொத்தானை எப்போதும் மூடிய தொடர்பாகவே இணைக்க வேண்டும். கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்க வேண்டும் என்பதே கருத்து. இரண்டாம் பாடம், மிதவையைக் கொண்டு தொட்டி நிரப்புவது. மூன்றாம் பாடமே தலையாயது. ஒருவர் அறியாமல் மற்றவர் ஒரு கம்பியைக் கழற்றிவிட வேண்டும். எந்த உள்ளீட்டு விளக்கு எரியவில்லை, ஏணிப் படத்தில் எந்தப் படி காத்திருக்கிறது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு, பத்து நிமிடத்தில் தொட்டி நிரம்பாவிடில் சிவப்பு விளக்கு எரியுமாறு தாமே ஒரு கட்டளை சேர்க்க வேண்டும். மேற்கூறிய சாயச்சாலையில் அவ்வொரு விளக்கு இருந்திருப்பின், நான்கு நாள் வேலை நின்றிராது.

ஓர் எச்சரிக்கை. பயிற்சியை ஓடும் இயந்திரத்தில் ஒருபோதும் செய்யலாகாது. அவசர நிறுத்தப் பொத்தான், பி.எல்.சி.யின் கட்டளையை நம்பியிராமல், தனிக் கம்பிவழியே மின்சாரத்தைத் துண்டிப்பதாக இருத்தல் வேண்டும்.

ஆளுக்கொரு கருவி தேவையில்லை; சங்கத்திற்கு ஒரு பலகை போதும். விலைப்புள்ளிகள் பெற்று, நிர்வாகக் குழுவின் தீர்மானத்துடன் வாங்கி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, குறைந்தது இருவரைப் பழக்குக. ஒருவர் மட்டும் கற்றால், அவர் ஊரில் இல்லாத நாளில் பழைய நிலையே திரும்பும். இனிப் புதிய இயந்திரம் வாங்கும்போது, அதன் கட்டளைப் பிரதியும் கடவுச்சொல்லும் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்க. இயந்திரம் சங்கத்தின் சொத்தாயின், அதை அறியும் அறிவும் சங்கத்தின் சொத்தாதல் வேண்டும்.