மிதிச்சா கரண்ட் வருமா?

சயன்ஸ் ஃபெயர் எண்டால் இந்தப் புரொஜெக்ட் எப்படியும் ஒரு மேசையில் இருக்கும். சப்பாத்துக்கு அடியில் நாலைந்து பித்தளை வட்டு, மிதிச்சால் ஒரு எல்ஈடி பளிச்செண்டு மின்னும். பின்னால் போஸ்டர்: கெனடி ஸ்டேஷன் படிக்கட்டு முழுக்க இதைப் பதிச்சால் ஸ்டேஷனுக்கே கரண்ட்! எபிசோடில் இதை வேகமாகக் கடந்துபோனோம். உங்களில் சிலர் இந்த வருசம் இதைத்தான் செய்யப் போறீங்கள் என்பதால், இங்கே கணக்கோடு பார்ப்பம்.

சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் இரண்டு பக்கத்திலும் எதிரெதிர் மின்னூட்டம் சேரும். பீசோ விளைவு எண்டு சொல்வது இதைத்தான். 1880இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் இதைக் காட்டினார்கள். (பியேர், மேரியைச் சந்திப்பதற்குப் பல வருசம் முந்தி.) அவர்கள் சோதித்த படிகங்களில் ஒன்று டூர்மலின். அந்தப் பெயர் இலங்கையில் இருந்து போனது, சிங்களத்தில் 'தோரமல்லி'. 1700களின் தொடக்கத்தில் டச்சுக்காரர் அங்கிருந்து கொண்டுபோன இந்தக் கல், சூடாக்கினால் சாம்பலை இழுக்கும். சூட்டுக்கு மின்னூட்டம் வருமெண்டால் அழுத்தத்துக்கும் வரலாம்தானே?

இப்ப உங்கட பித்தளை வட்டுக்கு வருவம். அதில் ஒட்டியிருக்கிற வெள்ளைப் பகுதி ஒரு செராமிக். 27 மில்லிமீற்றர் வட்டு ஒன்று ஏறக்குறைய 20 நானோஃபரட் கொள்ளளவுள்ள மின்தேக்கி மாதிரி நடந்துகொள்ளும். மிதிச்சதில் 20 வோல்ட் வந்தது எண்டு வைப்பம். அதில் இருக்கிற ஆற்றல், கொள்ளளவை வோல்ட்டின் வர்க்கத்தால் பெருக்கி வருவதில் பாதி: 4 மைக்ரோஜூல். வழமையான எல்ஈடிக்கு ஒரு விநாடிக்கு 40 மில்லிஜூல் வேணும். ஆக, உங்கட மிதி அதை முழு வெளிச்சத்தில் எரிக்கிறது ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம். கண்ணுக்குப் பளிச்செண்டு தெரியுது, அவ்வளவுதான். 15 வாட்-மணி ஃபோன் பற்றரி ஒன்றை நிரப்ப 1,350 கோடி மிதி வேணும்.

வட்டைக் கூட்டினால்? தரையை மெத்தை மாதிரி ஆக்கினால்? 70 கிலோ ஆள் மிதிச்சு தரை 5 மில்லிமீற்றர் இறங்கினால், ஒரு சொட்டும் வீணாகாமல் 3.4 ஜூல். ஃபோனுக்குப் பதினாறாயிரம் மிதி. ஆனால் அந்த 3.4 ஜூலும் நடக்கிறவரின் சாப்பாட்டிலிருந்துதான் வருது. கடற்கரை மணலில் நடக்கிற மாதிரி அவருக்குக் களைக்கும். செராமிக்கோ 5 மில்லிமீற்றர் இறங்கவே இறங்காது. விசை பெரிசு, அசைவு மிகச் சிறிசு, அதனால் வேலையும் சிறிசு. எந்தப் போஸ்டராலும் இதை மாத்த ஏலாது.

அதே செராமிக் வேறு வேலைகளில் கில்லாடி. கரண்ட் கொடுத்தால் அது அசையும். விளைவு தலைகீழாகவும் நடக்கும். ஸ்காபரோவிலிருந்து அதிக தூரமில்லாத சன்னிபுரூக் ஆஸ்பத்திரியில் 2015 நவம்பரில், மூளைக் கட்டி இருந்த ஒருவருக்கு 1,024 பீசோ துண்டுகள் பதித்த தலைக்கவசம் போட்டு, அல்ட்ராசவுண்டை ஒரு புள்ளியில் குவித்தார்கள். இரத்தத்தில் இருந்து மருந்தை மூளைக்குள் விடாத தடுப்பு, வெட்டுத் தையல் இல்லாமல், அந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் திறந்தது. ஒரு நோயாளிக்கு இப்படிச் செய்தது உலகில் அதுதான் முதல் தடவை. அங்கே சுவரிலிருந்து கரண்ட் தாராளமாக வருது; செராமிக்கின் வேலை துல்லியமாக அசையிறது மட்டும்தான்.

அடுத்தது, கேட்கிற வேலை. அரங்கேற்ற மேடைகளில் வீணையில் ஒட்டியிருக்கிற சின்ன வட்டு மைக்கைப் பார்த்திருப்பீங்கள். பெரும்பாலும் அதுவும் இதே சாமான்தான். மிருதங்கத்தில் ஒட்டி நேரே மிக்ஸரில் குத்தினால் சத்தம் தகரம் மாதிரி வரும். காரணம் இந்த 20 நானோஃபரட்தான். லைன் உள்ளீட்டின் தடை 10 கிலோஓம் எண்டால், ஏறக்குறைய 800 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேயத் தொடங்கும். வலந்தலை கேட்கும், தொப்பியின் கும்கி காணாமல் போகும். நடுவில் 1 மெகாஓம் உள்ளீடு உள்ள அக்டிவ் டிஐ பொக்ஸ் ஒன்றை வைத்தால் அந்த எல்லை 8 ஹேர்ட்ஸுக்கு இறங்கும். தொப்பி திரும்பி வந்துடும்.

என்னைக் கேட்டால் புரொஜெக்ட் இதுதான். ஒரு வட்டு, ஒரு மிருதங்கம், 10 கிலோஓமும் 1 மெகாஓமுமாக இரண்டு தடை. இரண்டையும் மாறி மாறிப் போட்டு, ஒரே அடியை அலைக்காட்டியில் பதிந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கோ. மூன்றாவதாக 100 கிலோஓம் போட்டால் எல்லை எங்கே வரும் எண்டு முதலே கணக்குப் போட்டு வைச்சுவிட்டு, பிறகு அளந்து பாருங்கோ.