நோயாளியின் புஷ்டியை நிறுத்தறிதல்

நெல் மூட்டையைத் தராசிலேற்றாமல் வரவு வைக்கும் சங்கம் எதுவுமில்லை. நோயாளியின் தேகநிலையை மாத்திரம் "இளைத்துவிட்டார்" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுவது ஜனங்களின் வழக்கமாயிருக்கிறது. க்ஷயரோகத்தில் இவ்வழக்கம் உயிருக்கே கேடாய் முடியக்கூடும்.

ராஜகீழ்ப்பாக்கத்தார்க்கு இது தூரத்து விஷயமன்று. 1928-ம் வருஷத்தில் டாக்டர் சௌரிமுத்து ஸ்தாபித்து, 1937-ல் சர்க்கார் ஏற்றுக்கொண்ட தாம்பரம் க்ஷயரோக வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள ரயில் நிலையத்திற்கும் சானடோரியம் என்றே பெயர்.

2022-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், வயதுவந்த நோயாளியின் எடையும் உயரமும் முதலிலேயே அளக்கப்படுகின்றன. கணக்கு எளியது. மீட்டரிலுள்ள உயரத்தை அதனாலேயே பெருக்கி, அத்தொகையால் கிலோ எடையை வகுக்கவேண்டும். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள ஸ்திரீ ஒருவர் 36 கிலோ இருப்பாராகில், ஒன்றரையை ஒன்றரையால் பெருக்க 2.25, அதனால் 36-ஐ வகுக்க 16. ஈவு 18.5-க்குக் குறைந்தாலே போஷணைக் குறைவு. 14-ம் அதற்குக் கீழும் வந்தால், அதாவது இந்த ஸ்திரீ 31.5 கிலோவுக்கு இறங்கினால், வைத்தியசாலையில் சேர்த்துக் கவனிக்கவேண்டியவராகிறார். பிடிமானமின்றி நிற்கமாட்டாதவரும், நிமிஷத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்குபவரும் எடை எதுவாயினும் அவ்வாறே.

ஈவு 16 வரை இருந்தும் கால்களில் வீக்கங் கண்டால் அதுவும் அபாயமே. கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது கட்டைவிரலால் சற்று அழுத்தியெடுத்தால் குழி நிற்கும். "சதை பிடித்திருக்கிறது" என்று வீட்டார் மகிழ்வதுமுண்டு. அது சதையன்று, நீர். அந்நீரும் தராசில் ஏறுவதால் உண்மையான இளைப்பு மறைந்துவிடுகிறது. இருதயம், சிறுநீரகம் ஆகிய உறுப்புகளின் கோளாறாலும் வீக்கம் வருமாதலின், காரணத்தைப் பிரித்தறிவது வைத்தியர் வேலை.

ஒரு தடவை நிறுத்தது போதாது. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியில், மருந்தோடு ஆகாரமும் பெற்று இரண்டு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை கூடியவர்களிடையே மரணம் வெகுவாய்க் குறைந்திருந்தது. 36 கிலோ உள்ளவர்க்கு இது ஏறக்குறைய 2 கிலோதான்.

ஆகாரத்திற்கென மத்திய சர்க்கார் அளிக்கும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நோயாளி அங்கத்தினராயிருந்தால், அதைத் தவணைப் பாக்கியில் பிடித்துக்கொள்ளச் சொல்வது நியாயமாகாது. சங்கத்து மேடைத் தராசில் மாதந்தோறும், செருப்பின்றி, அதேமாதிரி இலேசான உடையில் அவரை நிறுத்து, தேதியுடன் குறித்து வைத்தியரிடம் அனுப்பலாம்.